நான் ஒரு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவள்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு இட்லியோடு நான் எழுந்துவிட்டேன். அவ்வளவுதான். நான் பஸ் ஏறி கிளியனூர் வந்து இறங்குவதற்குள் செய்தி எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. "டீச்சருக்கு வயித்துல கட்டியாம்" என்று ஒருவர், "சென்னையில காட்டியிருக்காங்களாம், நாள் குறிச்சிட்டாங்களாம்" என்று இன்னொருவர். அடுத்த நாள் காலையில் என் சின்னம்மா மகள் அழுதுகொண்டே போன் செய்தாள்.

கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் நாள் குறித்திருப்பது உண்மை. உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன். அடுத்தவர் வாயால் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. என் எடை 104 கிலோ. உயரம் 152 செ.மீ., அதாவது 1.52 மீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.52 பெருக்கல் 1.52, சுமார் 2.31. 104-ஐ 2.31-ஆல் வகுத்தால் 45. இதைத்தான் பி.எம்.ஐ. என்கிறார்கள். நம் நாட்டவருக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதோடு 17 வருடமாகச் சர்க்கரை. அதில் கடைசி 6 வருடம் இன்சுலின். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. இவை உங்களில் பல பேருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பரிசோதித்தார்கள். மணிக்கு 41 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. இப்போது மூக்கில் ஒரு காற்று மெஷின் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். பேத்தி என்னை யானை ஆயா என்கிறாள். தும்பிக்கை இருக்கிறதாம்.

"வாயைக் கட்டினா சரியாப் போயிடும், இதுக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் பத்து வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொள்ளு, பேலியோ, காலையில் வெந்நீரில் தேன், ஏகாதசி விரதம், மைதானத்தைச் சுற்றி நடை எல்லாம் செய்தவள் நான். ஒரு தடவை 14 கிலோ குறைத்தேன். ஒன்றரை வருடத்தில் 17 கிலோ திரும்பி வந்தது. உடம்பு தன் பழைய எடையைக் கடன்காரன் மாதிரி தேடி வந்து வாங்கிக்கொள்கிறது. எடை குறையக் குறைய பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, உடம்பு செலவு செய்யும் சக்தி குறைகிறது. மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று என்னையே எத்தனையோ வருடம் திட்டிக்கொண்டேன். மருத்துவர் இதை விளக்கிய அன்றுதான் அந்தத் திட்டு நின்றது.

என் பசியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி. தை பிறந்தால் வேலை தொடங்கும். வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். வேலை கிடையாது, கூலி கிடையாது. இப்போது உப்பளத் தொழிலாளிகளுக்கு மழைக்கால நிவாரணம் என்று அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. அன்றைக்கு அதுவும் இல்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான், அதுவும் ஒரு வேளை. அம்மா எனக்கு ஊற்றிவிட்டு, பானையைக் கழுவி அந்தத் தண்ணீரைக் குடிப்பார். "நீ குடி, நீ படிக்கிற பிள்ளை" என்பார். நான் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் இருப்பதுதான் அம்மாவுக்கு நான் காட்டக்கூடிய ஒரே நன்றி.

வேலை கிடைத்தது, சம்பளம் வந்தது, வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக வந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை. பிள்ளைகள் தட்டில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டேன். மீந்த குழம்பைக் கொட்ட மனமில்லாமல் மறுபடி சோறு போட்டுக்கொண்டேன். பசி போய் 40 வருடம் ஆகியும், மழை மாதம் வந்துவிடும் என்ற பயத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்பா 50 கிலோ உப்பு மூட்டையைத் தூக்குவார், சாயந்திரம் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். என்னுடையதை இறக்கி வைக்க இடமில்லை. புதுச்சேரி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டே ஜிப்மர் வரை வருவார்கள்.

இப்போது இந்த ஆபரேஷன் என்ன என்று சொல்கிறேன். இது கொழுப்பை உறிஞ்சி எடுப்பது இல்லை. அது வேறு, அழகுக்காகச் செய்வது. இது இரைப்பையில் செய்வது.

இரைப்பையை எத்தனை தடவை உங்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன்! அறுவை சிகிச்சை மருத்துவரும் எனக்கு ஒரு தாளில் அதையே வரைந்தார். நான் வரைந்ததுதான் அழகாக இருக்கும், அது வேறு விஷயம். பிறகு மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். "இந்தப் பக்கம் இருக்கிறதை எடுத்துடுவோம்மா" என்றார். முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய் மிஞ்சும். சட்டையின் கை மாதிரி இருப்பதால் ஸ்லீவ் என்று பெயர். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, உள்ளே ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே வெட்டுவார்கள். வெட்டி எடுக்கும் மேல் பகுதியில்தான் பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. அதனால் கொஞ்சமாகச் சாப்பிட முடிவதோடு பசியும் குறைகிறது. இன்னொரு வகை பைபாஸ். அதில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, குடலை மாற்றி இணைப்பார்கள். அமெரிக்காவில் எட்வர்டு மேசன் என்ற மருத்துவர் 1966-ல் தொடங்கி வைத்த முறை அது. எனக்கு ஸ்லீவ் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

பலன் உண்டா? அறிவியல் டீச்சர் ஆதாரம் இல்லாமல் ஒப்புக்கொள்வேனா? ஸ்வீடனில் 1987-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சுமார் 2,000 பேர், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் சுமார் 2,000 பேர். பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. சர்க்கரை இருந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், இரண்டு வருடம் கழித்து 100-க்கு 72 பேருக்குச் சர்க்கரை அடங்கியிருந்தது. ஆனால் 15 வருடம் கழித்துப் பார்த்தால் அது 30 பேராகக் குறைந்துவிட்டது. இரண்டு எண்ணையும் சேர்த்தே மனதில் வையுங்கள். விளம்பரப் பலகையில் முதல் எண் மட்டும்தான் இருக்கும்.

ஆபத்து உண்டா? உண்டு. ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் கசியலாம், ரத்தம் வரலாம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். நல்ல இடத்தில் செய்தாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு உயிர் போகும். எனக்கு வயது 63, அதனால் ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடுதல்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்த ஆபரேஷனுக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் இறந்துபோன செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். 26 வயதுப் பிள்ளை. அரசு விசாரணைக் குழு போட்டது, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அந்தச் செய்தியை எங்கள் வீட்டுக்காரர் பேப்பரில் கத்தரித்துக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். நான் ஆபரேஷன் பேச்சை எடுக்கும்போதெல்லாம் வாயே திறக்க மாட்டார். எழுந்து போய்க் காலண்டரைத் தொட்டுவிட்டு வருவார். அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு வருடம் இப்படியே போனது.

இடையில் ஊசி வந்தது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தபோது அதையும் விசாரித்தேன். வாரம் ஒன்று போட வேண்டும். ஆரம்ப அளவே அப்போது ஊசிக்கு 3,500 ரூபாய். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பி வருகிறது. என் ஓய்வூதியத்தில் அதை ஆயுசு முழுக்கப் போட முடியாது. ஊசி தப்பு என்று சொல்லவில்லை. சிலருக்கு அதுவே போதும், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். என் எடைக்கு ஆபரேஷனில் பலன் கூடுதல் என்று என் மருத்துவர் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். முட்டி வலி பற்றி நான் இங்கே எழுதியதைப் படித்திருக்கிறான். "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், வீட்டுக்கு வரட்டுமா?" என்றான். வந்தான். எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே ஆபரேஷன் செய்துகொண்டானாம். மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லையாம். நல்லதை மட்டும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். முதல் சில மாதம் முடி கொட்டியது, பிறகு முளைத்தது. நெஞ்சு எரிச்சல் இன்னும் இருக்கிறது. வயிற்றுத் தோல் தொங்குகிறது. கூடவே செய்துகொண்ட ஒருவர் ஐஸ்கிரீமும் ஜூஸுமாகக் குடித்து எடையைத் திரும்ப ஏற்றிக்கொண்டார், குழாய் வழியாகத் தண்ணியாகப் போவதை எந்த ஸ்டேப்ளரும் தடுக்காது என்றான்.

அவன் பேசப் பேச எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. அப்போது நான் இன்னொரு ஊரில் வேலை பார்த்தேன். சத்துணவு வரிசையில் அவன் இரண்டாவது தடவை தட்டோடு நின்றான். "உனக்குப் போட்டா மத்தவங்களுக்கு மிஞ்சுமாடா?" என்று கேட்டேன். வரிசை மொத்தமும் சிரித்தது. சிரித்தார்கள் என்று எனக்கும் ஒரு பெருமை. அந்த வருடம் முழுக்க அவன் சாப்பாட்டு வரிசைக்கே வரவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும் கூப்பிடவில்லை. பானை கழுவிய தண்ணீரைக் குடித்த தாய்க்குப் பிறந்தவள் கேட்ட கேள்வி அது.

"அன்னைக்கு நான் கேட்டது ஞாபகம் இருக்காப்பா?" என்றேன்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "எல்லாரும் சொல்றதுதான் டீச்சர், கேட்டுப் பழகிடுச்சு. நீங்க சொன்னதாலதான் அது மட்டும் மறக்கல" என்றான்.

அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வரிசை முன்னால் சொன்னதற்கு அறைக்குள் கேட்ட மன்னிப்பு போதாது என்று தோன்றுகிறது. அதனால் இங்கே, உங்கள் எல்லார் முன்னாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு தம்பி. அவனை மாதிரி வேறு யாரையாவது நான் உடம்பைச் சொல்லிக் காயப்படுத்தியிருந்தால் அவர்களும் மன்னியுங்கள்.

அவன் போனபின் எங்கள் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாய் திறந்தார். "தினம் ராத்திரி உனக்கு மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். மெஷின் வந்த பிறகும் தூக்கம் வரல. ஆபரேஷன்னா ஒரு நாள் பயம். இது தினம் பயமா இருக்குது. செஞ்சுக்க. ஆனா எல்லாத்தையும் நல்லா விசாரிச்சு செஞ்சுக்க" என்றார். காலண்டர் பின்னால் இருந்த காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுல இருந்து கேள்வி எழுது" என்றார்.

எழுதினேன். வருடத்துக்கு எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செய்கிறீர்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு மூச்சு முட்டினால் எந்த மருத்துவர் இருப்பார்? தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா? என் இதயத்தையும் நுரையீரலையும் யார் பரிசோதிப்பார்கள்? மயக்க மருந்து கொடுப்பவரை நான் முன்னாலேயே பார்க்க முடியுமா? ஒரு வருடம் கழித்தும் என்னைத் தொடர்ந்து பார்ப்பீர்களா?

ஒரு இடத்தில் இந்தக் கேள்விகளுக்குச் சிரித்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, இந்த வாரம் பணம் கட்டினா தள்ளுபடி இருக்கு" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். "மூணு மாசம் நாங்க சொல்ற மாதிரி சாப்பிட்டுக் காட்டுங்க, அப்புறம் நாள் குறிக்கலாம்" என்றும் சொன்னார்கள். அங்கேதான் செய்துகொள்கிறேன். பெயர் போட்டால் விளம்பரமாகிவிடும், அதனால் போடவில்லை. கையில் பணம் இல்லையே என்று இருப்பவர்களுக்கு ஒன்று: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியைப் படியுங்கள். 2019-ல் வந்த விதிப்படி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத் தடை போன்றவை இருக்க வேண்டும். மருத்துவரின் பரிந்துரையும் வேண்டும்.

அந்த மூன்று மாதம்தான் என்னை முடிவெடுக்க வைத்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் காபி டபராவில் சாப்பிட்டேன். முதலில் முட்டை, மீன், பருப்பு. பிறகு காய். இடம் இருந்தால் சோறு. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, அரை மணி நேரம் கழித்துத்தான். முதல் பத்து நாள் ராத்திரியில் அழுதேன், பொய் சொல்லவில்லை. பசியால் மட்டும் இல்லை. தட்டில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்கும்போதெல்லாம் அம்மா பானை கழுவுகிற சத்தம் காதில் கேட்டது.

ஒரு நாள் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு நினைத்துப் பார்த்தேன். அம்மா நான் குண்டாக வேண்டும் என்றா ஊட்டினார்? நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஊட்டினார். அதே காரணத்துக்காகத்தான் இப்போது குறைத்துச் சாப்பிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி அழுகை வரவில்லை.

மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்தது. 98. அந்த ஆறு கிலோவைவிட எனக்குக் கிடைத்த பதில் பெரியது. இது குறுக்கு வழி இல்லை. ஆபரேஷன் ஒரு நாள், அதன் பிறகு ஆயுசு முழுக்க வீட்டுப்பாடம். முதல் இரண்டு வாரம் வெறும் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மெதுவாகத் திட உணவு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் கடைசி வரைக்கும். வருடாவருடம் ரத்தப் பரிசோதனை. இந்த வீட்டுப்பாடத்தை என்னால் செய்ய முடியும் என்று எனக்கே தெரிந்த பிறகுதான் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டேன். செய்ய முடியாது என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன், அதிலும் வெட்கம் இல்லை. இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் உடனே ஓடிப்போய் நாள் குறிக்க வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்குச் சில வேண்டுகோள். இனிமேல் உங்கள் வீட்டு விசேஷத்தில் என் இலையில் எதையும் அள்ளி வைக்காதீர்கள். "எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்று கேட்காதீர்கள். பிடிக்கும், இடம்தான் இருக்காது. ஆறு மாதம் கழித்து என்னைப் பார்த்து "என்ன இப்படி இளைச்சுட்டீங்க, சுகரா?" என்று கேட்காதீர்கள். சுகர் 17 வருடமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு கூட்டமாக வராதீர்கள். அவர் மட்டும் போதும், கூட என் மகள் இருப்பாள்.

டீச்சர்களாக இருக்கும் என் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் வகுப்பிலும் ஒரு குண்டுப் பிள்ளை இருக்கும். சாப்பாட்டு வரிசையில் இரண்டாவது தடவை தட்டு நீட்டினால் போடச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள்.

தேதி அடுத்த மாதம். நல்லபடியாக முடிந்தால் நானே இங்கே வந்து எழுதுவேன். அதற்கு முன்னால் வருகிற எந்தச் செய்தியையும் நம்பாதீர்கள், குறிப்பாகக் கல்யாணப் பந்தியில் வருவதை.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்,
கிளியனூர்